அவை நடுவே ஒரு மேஜை

மாநிலங்களவையில் அவைத் தலைவரின் உயர்ந்த இருக்கைக்குக் கீழே பொதுச் செயலாளரும் அதிகாரிகளும் அமரும் மேஜை இருக்கிறது. அதற்கு முன்னால், சிவப்புக் கம்பளத்தின் நடுவில், இன்னொரு மேஜை. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அங்கே குனிந்த தலைகள் மட்டும் தெரியும். ஆங்கிலத்துக்கு ஒருவர், இந்திக்கு ஒருவர் என்று இருவர் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஐந்து நிமிடம் ஆனதும், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் எழுந்து போக, அடுத்த இருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஆங்கில நாற்காலியில் முறைவைத்து உட்கார்ந்து எழுந்ததுதான் என் உத்தியோக வாழ்க்கை. பதவியின் பெயர் பார்லிமென்டரி ரிப்போர்ட்டர். மாடத்தில் இருக்கும் பத்திரிகை நிருபர்கள் தங்களுக்கு முக்கியம் என்று படுவதை எழுதுவார்கள். எங்களுக்கு அந்த உரிமை கிடையாது. அவையில் முறைப்படி பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் எங்களுக்கு முக்கியம்.

தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்குப் போன சுருக்கெழுத்தர்களுக்கு ஒரு நீண்ட வரிசையே உண்டு. என் தலைமுறையில் பள்ளிப் படிப்பை முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்வது வீட்டுக்கு வீடு நடந்த விஷயம். லோயர், ஹையர் முடித்தால் உள்ளூரில் ஒரு குமாஸ்தா வேலை. கூடவே ஷார்ட்ஹேண்டில் சீனியர், அதாவது நிமிடத்துக்கு 120 சொல், தேறிவிட்டால் டில்லி, பம்பாய் என்று ஆசைப்படலாம். எங்கள் மாஸ்டர் ஒரு கையில் கடிகாரமும் மறுகையில் ஆங்கில நாளிதழின் தலையங்கமுமாக உட்கார்ந்து டிக்டேஷன் கொடுப்பார். அவர் நிறுத்தமாட்டார், திருப்பிச் சொல்லவும்மாட்டார். நாடாளுமன்றத் தேர்வுக்கு வேகம் 160. 120-லிருந்து 160-க்குப் போக விரல் வேகம் மட்டும் போதாது என்பதை நான் அங்கேதான் கற்றேன். பேசுகிறவர் எதைச் சொல்ல வருகிறார் என்று புரிந்தால்தான் கை கூடவே போகும். புரியாத விஷயத்தை 100 சொல் வேகத்தில்கூட ஒழுங்காக எழுத முடியாது.

பிட்மன் முறையில் உயிரொலிகளை விட்டுவிட்டு மெய்யொலிகளைக் கோடுகளாக எழுதுவோம். ஒரே சாய்கோடு மெல்லியதாக விழுந்தால் ஓர் எழுத்து, அழுந்தி விழுந்தால் அதன் இணை எழுத்து. கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் நிற்கிறதா, வரியை வெட்டுகிறதா என்பதிலிருந்து விடுபட்ட உயிரொலியைக் கண்டுகொள்ள வேண்டும். இதனால்தான் எங்களில் பலர் கடைசிவரை பென்சிலை விடவில்லை. பால்பாயின்ட் பேனாவில் மெல்லிய கோடும் அழுத்தக் கோடும் ஒன்றுபோல் விழும். அவையில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் தொடர்களுக்குத் தனிச் சுருக்கங்கள் வைத்திருப்போம். 'வில் தி ஆனரபிள் மினிஸ்டர் பி ப்ளீஸ்ட் டு ஸ்டேட்' என்ற முழு வாக்கியமும் கையைத் தூக்காமல் ஒரே வீச்சில் முடிந்துவிடும். அப்படி மிச்சம் பிடித்த நொடிகளைத்தான் எண்களுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் செலவழிப்போம். சொல்லை விட எண் கொடியது. பட்ஜெட் விவாதத்தில் லட்சம் கோடி, ஆயிரம் கோடி, சதவீதம், சென்ற ஆண்டு, நடப்பாண்டு என்று ஒருவர் அடுக்கும்போது ஒரு சுழியம் தவறினால் அரசாங்கக் கணக்கே மாறிப்போகும்.

அவை கூடுவது 11 மணிக்கு. எங்கள் நாள் அதற்கு வெகு முன்னால் தொடங்கிவிடும். அன்றைய அலுவல் பட்டியல், நட்சத்திரக் கேள்விகளின் பட்டியல், விவாதத்துக்கு வரும் மசோதா, அதன் திருத்தங்கள் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். அணைப் பாதுகாப்பு மசோதா என்றால் மதகு, நீர்ப்பிடிப்புப் பகுதி, பொறியியல் சொற்கள். மருத்துவக் கல்வி மசோதா என்றால் நோய்ப் பெயர்களும் பட்டப் பெயர்களும். உறுப்பினர் பேசும்போது முதல்முறையாக ஒரு சொல்லைக் கேட்கிற நிலைமை வரக்கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சுருக்கெழுத்து என்றால் கைத்தொழில் என்று நினைக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் படிப்பு.

இன்னொரு பாடமும் உண்டு, அது குரல். தலை குனிந்தே இருக்கும் எங்களுக்குப் பேசுகிறவர் யார் என்று நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. இருக்கை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்திருப்போம் என்றாலும், குறுக்கே ஒரு குரல் எழுந்தால் அது எந்த வரிசையிலிருந்து, யாருடையது என்று காதுதான் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் அடுப்படியில் நின்றபடியே வாசலில் வருகிற காலடி யாருடையது என்று சொல்லிவிடுவாளே, அந்த மாதிரி. மாநிலங்களவை கலைக்க முடியாத அவை. ஆறாண்டுப் பதவிக்காலம், இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். ஆகவே நன்றாகப் பழகிய குரல்கள் போய், புதுக் குரல்கள் வந்துகொண்டே இருக்கும். வங்காள உச்சரிப்பில் ஆங்கிலம், மிசோரம் ஆங்கிலம், கேரள ஆங்கிலம், நம்மூர் ஆங்கிலம் என எல்லாவற்றுக்கும் காதைப் பழக்க வேண்டும். விடைபெறுகிறவர்களின் பேச்சை எழுதும் நாளில், கட்சி பேதமில்லாமல் அவை முழுவதும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வதைப் பதிவு செய்வது எனக்குப் பிடித்த வேலை.

பதினொரு மணிக்கு மார்ஷல் அவைத் தலைவரின் வருகையை அறிவிக்க, எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மறைந்த முன்னாள் உறுப்பினர்களுக்கு இரங்கல் இருந்தால் அதுதான் முதலில் வரும். பிறகு அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆண்டறிக்கைகள், அறிவிக்கைகள், தணிக்கை அறிக்கைகளை அவையின் மேஜையில் வைப்பார்கள். கேட்பதற்குச் சலிப்பான பகுதி இது. ஆனால் ஓர் ஆவணம் நாடாளுமன்றத்தின் கண்ணுக்கு வந்ததற்கு இந்த இரண்டு வரிப் பதிவுதான் சாட்சி. 2017 குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளில், இதற்கு அமைச்சர்கள் வழக்கமாகச் சொல்லும் 'ஐ பெக் டு லே' என்பதில் இறைஞ்சுவது வேண்டாம், நாம் சுதந்திர நாடு என்று அப்போதைய அவைத் தலைவர் வெங்கையா நாயுடு சொன்னார். அன்று முதல் ஒரு பழைய சுருக்கக் குறி எங்கள் நோட்டிலிருந்து மெல்ல விடைபெற்றது.

நான் பணியில் சேர்ந்த 1990-களில் 11 மணிக்கே கேள்வி நேரம் தொடங்கிவிடும். ஏதாவது ஒரு பிரச்சினையை எழுப்ப வேண்டும் என்று உறுப்பினர்கள் காலையிலேயே காத்திருப்பார்கள். அதனால் முதல் மணியிலேயே அமளி ஏற்பட்டு கேள்வி நேரம் நாள்கணக்கில் வீணானது. 2014 நவம்பரில் அப்போதைய அவைத் தலைவர் ஹமீது அன்சாரி அதை 12 மணிக்கு மாற்றி, 11 மணியை அத்தகைய பிரச்சினைகளை எழுப்புவதற்கான பூஜ்ய நேரத்துக்குக் கொடுத்தார். பூஜ்ய நேரத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்ததும் ஒலிவாங்கி தானாக அணைந்துவிடும். வாக்கியத்தின் நடுவில் அணைந்தால் எங்கள் பதிவும் அங்கேயே நிற்கும். ஒருவர் பேசி முடித்ததும், இதே கருத்தோடு நானும் என்னை இணைத்துக்கொள்கிறேன் என்று பத்து, இருபது பேர் கை தூக்குவார்கள். ஒவ்வொரு பெயரும் அச்சில் தனித்தனியாக வர வேண்டும். தூரத்து ஊர் ஒன்றில் ரயில் நிற்கவில்லை என்ற குறைக்குப் பின்னால் எத்தனை மாநிலத்தவர் நின்றார்கள் என்பது அந்தப் பெயர்ப் பட்டியலில்தான் தெரியும். அதை நான் ஒருபோதும் அசட்டையாக எழுதியதில்லை.

கேள்வி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 15 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் வரும். அவற்றுக்கு வாய்மொழியாகப் பதில், அதன்மேல் துணைக் கேள்விகள். இவை தவிர எழுத்தில் பதில் தரப்படும் கேள்விகள் 160. துணைக் கேள்விதான் அமைச்சருக்கும் சோதனை, எங்களுக்கும் சோதனை. முதல் பதில் அச்சிட்டு வந்துவிடுகிறது. துணைக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று யோசித்துப் பேச வேண்டும். அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு வருவதற்குள் அவர் தரும் வாக்குறுதி பதிவாகிவிடும். 'பரிசீலிப்போம்', 'விவரம் திரட்டித் தருகிறோம்' என்ற சொற்களைப் பொறுக்கியெடுத்துப் பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று உண்டு. அந்தக் குழுவுக்கு மூலப்பொருள் எங்கள் தாள்கள். செய்தித்தாளில் இடம்பெறாத ஒரு பாலமோ குடிநீர்த் திட்டமோ அமைச்சர் வாயிலிருந்து தவறி வந்த ஒரு வாக்கியத்தால் உயிர் பெற்றிருக்கிறது. கேள்வி நேரம் அமளியில் கரையும் நாளில் நாட்டுக்கு இழப்பு எவ்வளவு என்பதை மேஜையில் இருப்பவர்கள் அறிவோம்.

ஐந்து நிமிடம் எழுதிவிட்டு வெளியே வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை, அப்போதுதான் அது தொடங்குகிறது. அறைக்கு வந்து குறிப்பைப் பெயர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சுக்கு அரை மணிக்கு மேலேயே பிடிக்கும். மேற்கோள் காட்டியிருந்தால் மூலத்தைப் பார்க்க வேண்டும். சட்டப் பிரிவின் எண், தீர்ப்பின் பெயர், கிராமத்தின் பெயர் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். ஐயம் வந்தால் ஒலிப்பதிவைக் கேட்போம். ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதியவர்களின் பெயர்ச் சுருக்கமும் நேரமும் இருக்கும், அடியில் அடுத்தவரின் குறி இருக்கும். என் கடைசிச் சொல்லும் அடுத்தவரின் முதல் சொல்லும் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். மேற்பார்வையாளர்கள் அத்தனை தாள்களையும் கோத்து, அன்றே திருத்தப்படாத பதிப்பாக வெளியிட்டுவிடுவார்கள்.

எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் இந்தத் தொழிலின் நேர்மை இருக்கிறது. பேச்சில் எழுவாய் ஒருமையாகத் தொடங்கி வினை பன்மையில் முடிந்தால் சரிசெய்யலாம். தயங்கித் தயங்கி இரண்டு முறை சொன்ன ஒரு சொல்லை ஒரு முறை எழுதலாம். கருத்தை அழகாக்கக்கூடாது. கோபத்தைக் குறைக்கக்கூடாது. உறுப்பினருக்கு அவர் பேச்சின் பிரதி சரிபார்ப்பதற்காக அனுப்பப்படும். சிலர் எழுத்துப்பிழை மட்டும் திருத்தி அனுப்புவார்கள். சிலர் அன்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஓரத்தில் எழுதி அனுப்புவார்கள். அவற்றை ஏற்க முடியாது என்று பணிவாகத் திருப்பி அனுப்புவது மூத்தவர்களின் வேலை. கட்சியில் பெரியவர், பதவியில் பெரியவர் என்ற வேறுபாடு இங்கே இல்லை. என்ன ஒலித்ததோ அதுவே அச்சில் வரும்.

அமளி நேரத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். உறுப்பினர்கள் மையப்பகுதிக்கு வந்தால் அவர்கள் வந்து நிற்பது எங்கள் மேஜையைச் சுற்றித்தான். தலைக்கு மேலே கோஷம், பதாகை, தாள்கள். 2010 மார்ச் 8-ல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா வந்தபோது அதன் பிரதிகள் கிழித்து வீசப்பட்டன. மறுநாள் ஏழு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு, வெளியேற மறுத்ததால் அவைக் காவலர்கள் அவர்களைத் தூக்கிச் சென்றார்கள். அன்று மாலை 186-க்கு 1 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. கூச்சலின் நடுவே நாங்கள் எழுதுவது அவைத் தலைவரின் சொல்லையும், அவர் அனுமதித்துப் பேசுகிறவரின் சொல்லையும். மற்றதெல்லாம் அடைப்புக்குறிக்குள் 'குறுக்கீடுகள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். எதுவும் பதிவாகாது என்று தலைவர் அறிவித்துவிட்டால், அதற்குப் பின் பேசியதற்கு ஒரு நட்சத்திரக் குறி, அடியில் 'பதிவு செய்யப்படவில்லை' என்ற குறிப்பு. 261-வது விதியின்படி நீக்கப்பட்ட சொல்லுக்கும் நட்சத்திரம்தான், குறிப்பு மட்டும் வேறு. நீக்கப்பட்ட சொல்லை எழுதிய கைக்கு அது தெரியும். அதை வெளியே சொல்லாமல் இருப்பதும் எங்கள் தர்மம். இன்றுவரை நான் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

அந்த மகளிர் மசோதா மக்களவையைக் கடக்காமல், 2014-ல் அந்த அவையின் காலம் முடிந்ததும் காலாவதியானது. பிறகு 2023 செப்டம்பர் 21 அன்று புதிய கட்டடத்தில் அதே நோக்கத்துடன் வந்த மசோதாவை மாநிலங்களவை 214 வாக்குகளுடன் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. இரண்டு நாளின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தால், பதின்மூன்று ஆண்டில் ஒரு நாட்டின் பேச்சு எப்படி மாறியது என்பது எந்த நூலையும் விடத் தெளிவாகத் தெரியும்.

ஆனால் என்னைக் கேட்டால், மாநிலங்களவையை அறிய வேண்டுமானால் பிற்பகலைப் பார்க்க வேண்டும். ஒரு மணிக்கு உணவு இடைவேளை, இரண்டு மணிக்கு மீண்டும் அவை கூடும். பத்திரிகை மாடம் பாதி காலியாகிவிடும். தலைவர் இருக்கையில் துணைத் தலைவரோ, மாற்றுத் தலைவர்கள் பட்டியலில் உள்ள ஒருவரோ இருப்பார். அப்போதுதான் மசோதா விவாதம். ஓய்வு பெற்ற நீதிபதி, மருத்துவர், பொருளாதாரம் படித்தவர், ஒரு மாநிலத்தில் பல ஆண்டு அமைச்சராக இருந்தவர் எல்லாம் எழுந்து, 'மே' என்று இருப்பது 'ஷல்' என்று இருக்க வேண்டும், இந்தப் பிரிவு மாநிலத்தின் அதிகாரத்தைக் குறைக்கிறது என்று வாதாடுவார்கள். அந்தப் பேச்சுகளுக்குக் கைதட்டல் கிடையாது. பல நேரம் அவையில் நிறைவெண்ணுக்குத் தேவையான பத்தில் ஒரு பங்கு, அதாவது இருபத்தைந்து பேர், இருப்பார்களா என்றே கவலைப்படும் நிலை. இருந்தாலும் நான் எழுதியவற்றில் மிகச் சிறந்த பேச்சுகள் மாலை நான்கு மணிக்கு, காலி இருக்கைகளுக்கு முன்னால் பேசப்பட்டவை.

விவாதத்துக்கு அமைச்சர் பதில் சொன்னதும் பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு. பிரிவு இரண்டிலிருந்து இத்தனை வரை மசோதாவில் சேர்க்கப்பட்டன, பிரிவு ஒன்று, சட்டமாக்கும் வாசகம், தலைப்பு ஆகியவை சேர்க்கப்பட்டன என்று சடசடவென முடிந்துவிடும். மக்கள் வாழ்க்கையை மாற்றும் சட்டம் நான்கு வரியில் பதிவாகும். அந்த நான்கு வரியில் ஒரு எண் பிசகினால் சட்டமே பிசகும் என்பதால், அரை மணி நேர ஆவேசப் பேச்சை விட அதற்கே அதிக கவனம் கொடுத்து எழுதுவோம்.

பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். யாராவது டிவிஷன் கேட்டால் மணி ஒலித்து, வெளிக்கதவுகள் மூடப்பட்டு, பொத்தான் அழுத்தி வாக்களிப்பார்கள். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் டிவிஷன் கட்டாயம். மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டுக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும். 2016 ஆகஸ்ட் 3 அன்று சரக்கு, சேவை வரிக்கான திருத்தம் 203 வாக்குகளோடு எதிர்ப்பின்றி நிறைவேறியபோது அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்திருந்தது. உற்பத்தி மாநிலமான தமிழ்நாட்டுக்கு வரும் இழப்பை அன்று நம் உறுப்பினர்கள் எடுத்துரைத்தது முழுவதும் பதிவில் இருக்கிறது. ஒரு வாக்கின் மதிப்பு என்ன என்று புதிதாகச் சேரும் ரிப்போர்ட்டர்களுக்கு மூத்தவர்கள் 1970 செப்டம்பர் 5-ஐச் சொல்வார்கள். மன்னர் மானிய ஒழிப்பு மசோதாவுக்கு மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டுக்கு ஒரு வாக்கு கூட முழுதாகக் குறையவில்லை, வாக்கின் ஒரு பகுதிதான் குறைந்தது. மசோதா தோற்றது. மறு ஆண்டில் 26-வது திருத்தமாகத்தான் அது நிறைவேறியது.

பண மசோதாவில் இந்த அவைக்கு அதிகாரம் குறைவு. 14 நாளுக்குள் பரிந்துரையோடோ இல்லாமலோ திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதனால் இது இரண்டாந்தர அவை என்று சிலர் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். தேர்தல் வெற்றிக்காக அவசரப்படத் தேவையில்லாத ஓர் அவையில்தான் சில விதைகள் விழ முடியும். அந்த விதைகள் விழுவது வெள்ளிக்கிழமைகளில்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் அலுவல். என் காலத்தில் 2.30 மணிக்குத் தொடங்கும், ஒரு வாரம் மசோதா, மறுவாரம் தீர்மானம். ஊருக்குப் போகும் விமானத்தைப் பிடிக்கப் பலரும் கிளம்பிவிடும் நேரம் அது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, 2015 ஏப்ரல் 24. தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா விவாதத்தில் இருந்தது. அரசே சட்டம் கொண்டுவரும், இதைத் திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் கேட்டார். தனிநபர் மசோதாக்கள் அந்தக் கட்டத்தில் திரும்பப் பெறப்படுவதுதான் வழக்கம். அவர் பெறவில்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றார். அவை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளில் இந்த அவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அது. அன்று பிற்பகலில் எனக்கும் ஒரு முறை இருந்தது. எழுதும் மேஜையில் எங்களுக்கு முகபாவம் கூடாது, நானும் குனிந்தபடிதான் எழுதினேன். ஆனால் அறைக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம். மக்களவையில் அந்த மசோதா நிறைவேறவில்லை. 2019-ல் அரசின் சட்டம் வந்தது. அதில் குறைகள் உண்டு என்று அந்தச் சமூகத்தவர் சொல்கிறார்கள். ஆனாலும் கதவைத் திறந்தது அந்த வெள்ளிக்கிழமை.

இதற்கு முன்னோடிகள் உண்டு. நியமன உறுப்பினராக வந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களின் தொடக்கத்தில் விலங்கு வதைத் தடுப்புக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறியதால் திரும்பப் பெற்றார், 1960-ல் சட்டம் வந்தது. அவரைப் போலவே நியமன உறுப்பினராக வந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-ல் பள்ளிக் குழந்தைகளின் புத்தகச் சுமையைப் பற்றிப் பேசினார். குழந்தைகளின் சுமையை ஆராய 1992-ல் யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. இருவர் கையிலும் வாக்கு வங்கி இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரு பேச்சு, அதைப் பதிவு செய்ய ஒரு மேஜை.

நள்ளிரவு வரை நீண்ட நாளும் உண்டு. 2011 டிசம்பர் 29, லோக்பால் மசோதா. திருத்தங்கள் குவிந்து, அமளி எழுந்து, வாக்கெடுப்பு நடக்காமலேயே நள்ளிரவில் அவை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. உறுப்பினர்கள் போன பிறகு எங்கள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டில்லியின் டிசம்பர்க் குளிரில், கைவிரல்களைத் தேய்த்துக்கொண்டு எல்லோரும் தட்டச்சு செய்தோம். மசோதா 2013 டிசம்பர் 17 அன்று இந்த அவையில் நிறைவேறியது.

கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், மாநிலங்களவை காலை 9 மணிக்கு அமர்ந்தது. இடைவெளிக்காக உறுப்பினர்களை மாடங்களிலும் மக்களவை மண்டபத்திலும் பிரித்து உட்கார வைத்தார்கள். கேள்வி நேரம் இல்லை. முகக்கவசம் மறைத்த குரல், அதுவும் வேறொரு மண்டபத்திலிருந்து ஒலிபெருக்கி வழியாக. பல்லாண்டு பழகிய காதின் உதவி இல்லாவிட்டால் யார் பேசுகிறார் என்று எழுதியிருக்கவே முடியாது. இயந்திரமே பேச்சை எழுத்தாக்கிவிடும் என்று இப்போது சொல்கிறார்கள். உதவிக்கு வரட்டும், நல்லதுதான். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது தலைவர் யாரை அனுமதித்தார் என்று தீர்மானிப்பதற்கு மேஜையில் ஒரு மனிதர் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழில் பேச விரும்பும் உறுப்பினர் முன்கூட்டியே தெரிவித்தால் மொழிபெயர்ப்பாளர் கூண்டில் அமர்வார். 2018 முதல் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பேசலாம். அப்போது நான் செவிக்கருவியில் வரும் ஆங்கிலத்தைத்தான் எழுத வேண்டும். மறு காதில் தமிழ் நேராக விழுந்துகொண்டிருக்கும். கையும் காதும் வேறு வேறு வழியில் போகும் அந்த ஐந்து நிமிடம் எனக்கு மட்டுமே உரிய சிரமம், எனக்கு மட்டுமே உரிய மகிழ்ச்சியும்கூட.

1962 மே 1 அன்று அண்ணா இந்த அவையில் முதல்முறையாகப் பேசினார். அப்போது அவை நடவடிக்கைகளுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை. இன்று தமிழ்நாட்டில் மேடைதோறும் எடுத்துக்காட்டப்படும் அந்தப் பேச்சு நமக்குக் கிடைத்தது, ஐந்து பத்து நிமிடங்களாக அதைப் பங்கிட்டு எழுதிய சுருக்கெழுத்தர்களால். இறுதி அச்சில் எங்கள் பெயர்ச் சுருக்கங்கள் நீக்கப்பட்டுவிடும் என்பதால் அவர்கள் யார் என்று நூலில் இருக்காது. அவர்களில் சிலருக்கு அந்தப் பேச்சின் கருத்து உடன்பாடாக இருந்திருக்காது. ஆனாலும் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைத்தார்கள். என் தொழிலுக்கு நான் காட்டக்கூடிய மிகப் பெரிய சான்று அதுதான்.

1952 மே 13-ல் நடந்த முதல் கூட்டத்திலிருந்து இன்றுவரை மாநிலங்களவையின் விவாதங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேற்றைய விவாதத்தின் திருத்தப்படாத பதிப்பும் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அந்த அவையில் 18 இடங்கள். அவர்கள் உங்களுக்காக என்ன பேசினார்கள், எந்த நாளில் பேசாமல் இருந்தார்கள், எந்த டிவிஷனில் பெயர் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அரை நிமிடக் காணொளித் துண்டைப் பார்த்து அவையை எடைபோட வேண்டாம். ஒரு வாரத்தின் பிற்பகல் விவாதத்தையாவது எடுத்துப் படியுங்கள். உங்கள் வீட்டில் அரசியல் பேசும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.